பழைய ஹார்ன் ஸ்பீக்கரை வீட்டு அறைக்குப் பழக்குவது எப்படி?

ஸ்பீக்கரின் ஒலியை வாய்விரிந்த குழல் வழியே வெளியே அனுப்பும் பழைய அலுமினிய ஹார்ன் ஒன்றை எடுத்து, அதன் பக்கச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மணி அடித்ததுபோல ‘ணங்’ என்று ஒலித்து, கொஞ்ச நேரம் இழுத்துத்தான் அடங்கும். பாட்டு ஓடும்போதும் இந்த ‘ணங்’ கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. பாடகி உச்சத்துக்குப் போகும் இடத்திலும், பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து எழும் இடத்திலும் காது கூசுகிறதே, அதில் ஒரு பங்கு இந்த உலோகத்தினுடையது. இன்னொரு பங்கு, ஹார்னின் பின்னால் ஒலியை உண்டாக்கும் டிரைவர், தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரைவிட மிக உரக்க ஒலிப்பது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் டிரைவரையே மாற்றக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அதில் காசுதான் கரையும், கூச்சம் அப்படியே இருக்கும்.

ஹார்ன் அங்கே என்ன செய்கிறது?

காற்றில் கையை வீசினால் எதிர்ப்பு தெரியாது. தண்ணீருக்குள் வீசினால் கை கனக்கும், தண்ணீரும் நகரும். ஸ்பீக்கரின் சவ்வுக்கும் இதே சிக்கல்தான். காற்று மிக லேசானது. சவ்வு எவ்வளவு ஆடினாலும் ஆற்றலில் பெரும்பகுதி காற்றுக்குப் போய்ச் சேராமல், சவ்வை ஆட்டும் கம்பிச்சுருளான காயிலைச் சூடாக்கித் தீர்ந்துவிடுகிறது. ஹார்னின் குறுகிய தொண்டை சவ்வின் முன்னால் காற்றைக் கனமாக்குகிறது. பிறகு மெல்ல விரிந்து, அந்த அழுத்தத்தை அறையின் காற்றுக்குக் கைமாற்றுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரத்துக்குச் செய்வதை ஹார்ன் ஒலிக்குச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

விளைவு பெரியது. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் கொடுத்த மின்சாரத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஒலியாக மாற்றும். ஹார்னில் பொருத்திய கம்ப்ரஷன் டிரைவர் 20 சதவீதத்தையும் தாண்டும். 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் முதலாவது 86 முதல் 90 டெசிபெல், இரண்டாவது 105 முதல் 110 டெசிபெல். 20 டெசிபெல் வித்தியாசம் என்றால் திறனில் 100 மடங்கு.

ஆம்ப்ளிஃபயர்கள் சில வாட் மட்டுமே தந்த காலத்தில் திரையரங்குகளுக்கு இதைவிட்டால் வழியில்லை. வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் 555 டிரைவர் 1926-ல் வந்தது. ஆல்டெக் லான்சிங்கின் ‘வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்’ வரிசை 1945-ல் தொடங்கியது. இன்று பலர் தேடி வாங்கும் ஏ7 அந்த வரிசையைச் சேர்ந்தது. 1946-ல் பால் கிளிப்ஷ் வீட்டு அறையின் மூலையையே ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்தும் கிளிப்ஷ்ஹார்னைக் கொண்டுவந்தார். கிளிப்ஷ் வகை வீட்டுக்கென்றே பிறந்தது. ஆனால் திரையரங்கு ஹார்ன் துளையிட்ட திரைக்குப் பின்னால் நின்று, இருபது மீட்டருக்கு அப்பால் இருப்பவருக்காகப் பேசியது. அதே ஹார்ன் இப்போது மூன்று மீட்டரில் உங்கள் முகத்துக்கு நேராக நிற்கிறது. ஹார்ன் கெட்டுப்போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. மாற்றங்களையும் இந்தக் கண்ணோட்டத்தோடு செய்யுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடலாம்: பொது அறிவிப்புக்குப் பயன்படும் குழாய் ஸ்பீக்கரும் இதே குடும்பம்தான், ஆனால் அதன் குழாய் உள்ளேயே மடிந்து திரும்புவது. பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்குத்தான் அதன் அலைவரிசை. அதை எவ்வளவு செதுக்கினாலும் இசைக்கு வராது.

கைவைக்கும் முன் பரிசோதனை

தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை டிரைவருக்கும் பிரித்தனுப்பும் மின்சுற்றான கிராஸ்ஓவரிலிருந்து டிரைவரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் டிரைவர் ஏறத்தாழ 5.5 முதல் 7 வரை காட்டும். 16 ஓம் டிரைவர் 9 முதல் 12 வரை. இடதுக்கும் வலதுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், யாரோ ஒரு பக்கம் மட்டும் டயாஃப்ரத்தை (காயில் ஒட்டிய சவ்வை) மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

அடுத்து உராய்வுச் சோதனை. 47 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கப்பாசிட்டர் ஒன்றைத் தொடராக வைத்து டிரைவரை ஆம்ப்ளிஃபயரில் இணையுங்கள். ஒலி அளவை மிகக் குறைத்து, ஒரு வோல்ட்டுக்கு மேல் போகாமல், சைன் அலையை 500 ஹெர்ட்ஸிலிருந்து 3,000 வரை மெதுவாக ஏற்றுங்கள். நல்ல டிரைவர் புல்லாங்குழல்போல வழுவழுப்பாக ஏறும். நடுவில் எங்காவது ‘கிர்ர்’ என்றால் காயில் எங்கோ உரசுகிறது, அல்லது காந்த இடைவெளியில் இரும்புத் தூள் சேர்ந்திருக்கிறது.

தூள்தான் என்றால் நீங்களே எடுக்கலாம். பின்மூடியைக் கழற்றுங்கள். டயாஃப்ரம் எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, அதை நேராக மேலே தூக்குங்கள். தடித்த காகித அட்டைத் துண்டின்மேல் மாஸ்கிங் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, இடைவெளியில் விட்டு வட்டமாக ஒருமுறை ஓட்டுங்கள். டேப்பில் கறுப்பாகத் தூள் ஒட்டி வரும். புது டேப் சுத்தமாக வெளிவரும்வரை திரும்பச் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தின் பக்கம் அலட்சியமாகக் கொண்டுபோகக் கூடாது. காந்தம் அதை வெடுக்கென்று இழுக்கும், நுனி டயாஃப்ரத்தைத் துளைத்துவிடும். டயாஃப்ரத்தை வேறு மேசைக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ காந்தம் உள்ள டிரைவரில் பின்மூடியோடு நின்றுகொள்ளுங்கள். காந்தத்தைப் பிடித்திருக்கும் இரும்புத் தட்டைக் கழற்றினால் காந்தப் பாதை அறுந்து, காந்தம் வலுவிழக்கும். பிறகு மறுபடி காந்தமேற்றும் கருவி உள்ளவரிடம்தான் போகவேண்டும். டயாஃப்ரம் வாங்க நேர்ந்தால் ஒரே தயாரிப்பில் இரண்டு வாங்கி இரு பக்கமும் மாற்றுங்கள். மலிவு நகல்களில் எடையும் குவிவும் மாறும். அந்த வித்தியாசம் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாகவே கேட்கும்.

‘ணங்’கை ‘டொக்’ ஆக்குவது

இது மலிவானது, பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். கார் கதவுகளுக்குள் ஒட்டும், ஒரு பக்கம் அலுமினியத் தாள் உள்ள 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் போதும். கயிறுபோல வரும், காய்ந்து இறுகாத புட்டியும் நன்றாக வேலை செய்யும்.

ஹார்னின் வெளிப்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப்பசையைப் போக்குங்கள். ஷீட்டை 5 முதல் 8 சென்டிமீட்டர் அகலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். அகலமான தட்டைச் சுவர்களின் நடுப்பகுதியில் தொடங்குங்கள். அதிகம் அதிர்வது அந்த இடம்தான். உருளையால் அழுத்தித் தேயுங்கள். அடியில் காற்று நின்றால் ஒட்டியும் பயனில்லை. மூன்று நான்கு துண்டுக்கு ஒருமுறை தட்டிப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு பரப்பு மூடியதும் ‘ணங்’ செத்து ‘டொக்’ என்று கேட்கும். மிச்சம் இருந்தால் அதே இடத்தில் இரண்டாவது அடுக்கு. டிரைவர் உட்காரும் விளிம்பையும் பலகையில் திருகும் விளிம்பையும் வெறுமையாக விடுங்கள். ஹார்னின் உள்புறத்தில் எதையும் ஒட்டக் கூடாது, அது ஒலி போகும் பாதை.

சிமெண்ட், பிளாஸ்டர், நுரைத்து இறுகும் ஸ்ப்ரே எல்லாம் வேண்டாம். இறுகிப்போகும் எதுவும் அதிர்வை விழுங்காது, அதைக் கொஞ்சம் உயர்ந்த சுருதிக்கு மாற்றிவிடும், அவ்வளவுதான். கழற்றவும் முடியாது. ஒட்டி முடித்த முதல் நாள் ‘பளபளப்பு குறைந்துவிட்டதே’ என்று தோன்றலாம். போனது ஹார்ன் தானாகச் சேர்த்துக்கொண்டிருந்த ஒலி. ஒரு வாரம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

அதே கையோடு தொண்டையையும் பாருங்கள். டிரைவரின் வாய் 1 அங்குலம் என்றால் ஹார்னின் தொண்டையும் 1 அங்குலமாக, அதாவது 25.4 மில்லிமீட்டராக இருக்கவேண்டும். 1.4 அங்குலத் தொண்டையில் 1 அங்குல டிரைவரை நேரடியாக வைத்தால் நடுவில் ஒரு படி உண்டாகும். 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளமே 34 மில்லிமீட்டர்தான். அந்தச் சின்னப் படியில் மோதி ஒலி திரும்பும், மேல்ஸ்தாயி கரடுமுரடாகும். படிப்படியாக விரியும் அடாப்டர் வழியாகப் பொருத்துங்கள். கேஸ்கெட் உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் பிளேடால் சீவிவிடுங்கள். பல கிலோ எடையுள்ள டிரைவர் பின்னால் அந்தரத்தில் தொங்கக் கூடாது. அடியில் ஃபெல்ட் ஒட்டிய மரத்தாங்கி ஒன்று கொடுங்கள்; இல்லாவிட்டால் விளிம்பு மெல்ல விலகி, அங்கே காற்று கசியும்.

உரப்பைக் குறைப்பது

வேலையின் மையம் இதுதான். வூஃபர் 98 டெசிபெல், டிரைவர் 108 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். 10 டெசிபெல் அதிகம். அப்படியே விட்டால் குரல் வயிறு இல்லாமல் நெற்றியில் மட்டும் ஒலிப்பதுபோல இருக்கும். ஆம்ப்ளிஃபயரின் டிரெபிள் குமிழைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. ஏனென்றால் ஹார்ன் 800 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடுகிறது, டிரெபிள் குமிழ் அதற்கு வெகு மேலேதான் வேலை செய்யும்.

தேவை எல்-பேட் எனப்படும் இரண்டு ரெசிஸ்டர் அமைப்பு. கிராஸ்ஓவருக்கும் டிரைவருக்கும் நடுவில், ஒன்று தொடராக, மற்றது டிரைவருக்குக் குறுக்கே இணையாக. 8 ஓம் டிரைவருக்கு 6 டெசிபெல் குறைக்கத் தொடரில் 4 ஓம், இணையில் 8 ஓம். 10 டெசிபெல் குறைக்கத் தொடரில் 5.5, இணையில் 3.7. 16 ஓம் டிரைவருக்கு இந்த எண்களை இரட்டித்துக்கொள்ளுங்கள். தொடர் ரெசிஸ்டர் 20 வாட் தாங்குவதாக இருக்கட்டும், 10 டெசிபெல் குறைப்பில் அந்தக் கிளைக்கு வரும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு அதில்தான் சூடாகிறது.

ஒரே ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஒலி குறையும், உண்மைதான். ஆனால் 10 டெசிபெல் குறைக்கும்போது கிராஸ்ஓவருக்கு இப்போது 8 ஓமுக்குப் பதில் 25 ஓம் தெரியும். அதன் கப்பாசிட்டரும் காயிலும் 8 ஓமை நம்பிக் கணக்கிட்டவை. பிரிக்கும் அலைவெண் நகர்ந்துவிடும், சரிவும் உருமாறும். எல்-பேட் போட்டால் கிராஸ்ஓவருக்கு எப்போதும் அதே 8 ஓம்தான் தெரியும்.

பழைய பெட்டிகளின் பின்புறம் இதே வேலைக்கு ஒரு குமிழ் இருக்கும். திருகினால் கரகரவென்றால் உள்ளே தடம் ஆக்சைடு பிடித்திருக்கிறது. உங்களுக்குப் பிடித்த இடத்தில் அதை நிறுத்தி, முனைகளுக்கிடையே ஓம் அளந்து, அதே மதிப்புக்கு நிலையான ரெசிஸ்டர்களைப் போட்டுவிடலாம்.

எல்-பேட்டால் இன்னொரு நன்மை. ஆம்ப்ளிஃபயர் சும்மா இருக்கும்போது 1 மில்லிவோல்ட் இரைச்சல் தருகிறது என்று கொள்ளுங்கள். 2.83 வோல்ட்டுக்கு 105 டெசிபெல் தரும் டிரைவரில் அது 36 டெசிபெல் ஒலியாக வெளிவரும். நிசப்தமான அறையில் ‘ஸ்ஸ்’ என்று உட்காருமிடம்வரை கேட்கும். 10 டெசிபெல் எல்-பேட் அதை 26-க்கு இறக்கிவிடும்.

கம்ப்ரஷன் டிரைவரின் ஒலி ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சவ்வின் எடையால் தானாகவே சரியத் தொடங்கும். பழைய வகை ஹார்ன்கள் அலைவெண் ஏற ஏற ஒலியைக் குறுகிய கற்றையாக்கி, நேர் எதிரில் இருப்பவருக்கு அந்தச் சரிவை மறைத்துவிட்டன. பின்னாளில் வந்த, எல்லா அலைவெண்ணையும் ஒரே அகலத்தில் பரப்பும் ஹார்ன்களில் சரிவு அப்படியே தெரியும். உங்களுடையது அந்த வகையென்றால், எல்-பேட்டின் தொடர் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு சிறிய கப்பாசிட்டர் போடுங்கள். உயர்ந்த அலைவெண்கள் ரெசிஸ்டரைத் தாண்டி அதன் வழியே போய்விடும். 5.5 ஓமுக்குக் குறுக்கே 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் ஏறத்தாழ 6,000 ஹெர்ட்ஸிலிருந்து ஏற்றம் தெரியும். கூர்மையாகிவிட்டால் 3.3-க்கு இறங்குங்கள், மந்தமாக இருந்தால் 6.8.

கிராஸ்ஓவர்

காயில்கள் பெரும்பாலும் கெடுவதில்லை, தொடாதீர்கள். கப்பாசிட்டர்கள்தான் வயதாகும். எலக்ட்ரோலிட்டிக் வகை காய்ந்து, மதிப்பு மாறி, உள்தடை ஏறியிருக்கும். ஒரு முனையைச் சோல்டரிலிருந்து விடுவித்து அளந்து பாருங்கள். எழுதியிருக்கும் மதிப்பிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மாற்றிவிடலாம். அதே மைக்ரோஃபாரட், 250 வோல்ட், 5 சதவீதத் துல்லியம் உள்ள பாலிபுரோப்பிலீன் ஃபிலிம் வகை போதுமானது. இதைவிட விலையுயர்ந்த கப்பாசிட்டரில் போடும் பணத்துக்கு பியூட்டைல் ஷீட்டே அதிகம் பலன் தரும் என்பது எங்கள் கருத்து. உலோக டப்பாவில் எண்ணெய் நிரப்பிய பழைய கப்பாசிட்டரைத் திறக்கவோ துளையிடவோ வேண்டாம். அந்த எண்ணெய் பிசிபி எனப்படும் நச்சாக இருக்கலாம்.

கிளிப்ஷ் பெட்டிகளில் எல்-பேட்டுக்குப் பதில், ஒலியைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வகையான ஆட்டோஃபார்மர் இருக்கும். அதன் சுருளிலிருந்து வெளிவரும் இணைப்பு முனையான டேப்பை ஒரு படி மாற்றினால் 3 டெசிபெல் குறையும். ஆனால் கப்பாசிட்டருக்குத் தெரியும் ஓமும் அதே வேகத்தில் இரட்டிக்கும். டேப்பை மட்டும் மாற்றிவிட்டுக் கப்பாசிட்டரைப் பாதியாக்க மறந்தால், நடு ஒலிகளுக்கான மிட் ஹார்ன் தேவைக்குக் கீழே இறங்கி ஒலிக்கத் தொடங்கும். ‘டேப் மாற்றியும் இரைகிறது’ என்ற புகாரில் முதலில் பார்க்கவேண்டியது இதை.

ஹார்னை எவ்வளவு கீழே இறக்கலாம் என்பதை அதன் வாய் தீர்மானிக்கிறது. வாயின் சுற்றளவு குறைந்தது ஓர் அலைநீளம் இருக்கவேண்டும். 500 ஹெர்ட்ஸுக்கு அது 69 சென்டிமீட்டர், 800-க்கு 43. இது குறைந்தபட்சம், பாதுகாப்பாக அதற்கு மேலேயே பிரியுங்கள். ஆல்டெக் 511பி ஹார்னை 500-க்கும் 811பி-யை 800-க்கும் அந்த நிறுவனமே ஒதுக்கியது. அதற்குக் கீழே போனால் சவ்வுக்குக் காற்றின் பிடிமானம் இல்லாமல் போகும். அதே உரப்புக்கு அலைவெண் பாதியானால் சவ்வின் ஆட்டம் நான்கு மடங்கு. அலுமினிய டயாஃப்ரத்தின் ஓரம் விரிசல் விடுவதற்கு வழக்கமான காரணம் இது.

சிக்னலை டிஜிட்டலாகப் பிரிக்கும் டிஎஸ்பி கிராஸ்ஓவரும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர்களும் வைக்கிறீர்கள் என்றால், அலைவெண் இரட்டிப்பதற்கோ பாதியாவதற்கோ 24 டெசிபெல் குறையும் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிரைவரின் முன்னால் அந்த 47 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரை நிரந்தரமாக வையுங்கள். 8 ஓமில் அது 420 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதைத் தடுக்கத் தொடங்கும். ஆம்ப்ளிஃபயர் போடும்போது எழும் ‘டும்’ காயிலை எட்டாது. சேனல் மாறி, வூஃபரின் சிக்னல் டிரைவருக்குப் போனால் ஒரு நொடி போதும். புதிதாக இணைத்த எதையும் முதலில் வீட்டில் கிடக்கும் ஏதாவது சின்ன ஸ்பீக்கரில் கேட்டுச் சரிபாருங்கள்.

இரண்டையும் ஒரே நேரத்தில் பேசவைப்பது

வூஃபரின் காயில் பெட்டியின் முகப்புக்குச் சற்றே பின்னால் இருக்கிறது, ஹார்ன் டிரைவரின் காயில் இன்னும் பின்னால். ஒலி ஒரு மில்லிவிநாடியில் 34 சென்டிமீட்டர் போகும். ஆகவே 20 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது 800 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அரை அலைநீளம். இருவரும் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்ள அது போதும்.

ஹார்ன் பெட்டியின் மேலே தனியாக உட்கார்ந்திருந்தால் சரிசெய்வது சுலபம். கேட்கும் இடத்தில் மைக்கை வையுங்கள். பிரியும் அலைவெண்ணில் சைன் அலையை மெல்ல ஒலிக்கவிடுங்கள். முதலில் ஹார்னின் இரண்டு வயர்களை மாற்றிப் பார்த்து, எந்த இணைப்பில் ஒலி குறைகிறதோ அதில் விடுங்கள். இப்போது ஹார்னை ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஒலி சட்டென்று குழியில் விழுந்ததுபோல இறங்கும். அந்த இடத்தில் குறி போட்டுவிட்டு, வயர்களைத் திரும்ப மாற்றுங்கள். முடிந்தது. ஒரு முழு அலைநீளம் தள்ளியும் இதே குழி கிடைக்கும். அதில் ஏமாறாமல் இருக்க, காயில்களின் தூரம் நெருக்கமாக இருக்கும் குழியையே எடுங்கள். டிஎஸ்பி இருந்தால் நகர்த்துவதற்குப் பதில் வூஃபருக்குத் தாமதம் கொடுக்கலாம். மைக்கோடு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளைச் சேர்த்துக்கொண்டால் இதே வேலை கால்மணி நேரத்தில் முடியும்.

பாசிட்டிவ் நெகட்டிவ் நிறத்தை நம்பிவிடாதீர்கள். பழைய ஜேபிஎல் வூஃபர்களில் கறுப்பு முனைக்கு பேட்டரியின் பாசிட்டிவைத் தொட்டால்தான் கூம்பு வெளியே வரும். வூஃபரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏ7 போன்ற பெட்டிகளின் அகலமான பக்கப் பலகைகள் தாங்களும் சேர்ந்து பாடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே, நட்டநடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி, ஒரு மரச்சட்டத்தை முட்டுக்கொடுங்கள். பின்பலகையின் ஓரம் முழுக்க ஃபோம் பட்டை ஒட்டிக் கசிவை அடையுங்கள். இந்தப் பெட்டிகள் 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் தராது. அங்கே சப்வூஃபர்தான் வழி. கிளிப்ஷ்ஹார்னுக்கு மூலையோடு இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்பது மட்டுமே முக்கியம்.

கழற்றிய கப்பாசிட்டர், பழைய டயாஃப்ரம், அசல் திருகுகள் எதையும் எறியாதீர்கள். எந்தப் பக்கத்துப் பெட்டியினுடையது, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி, ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். விற்கும் நாளில் வாங்குகிறவர் முதலில் கேட்பது அந்தப் பையைத்தான். எண்ணெய் நிரப்பிய டப்பாக்களை மட்டும் தனியே மூடி வையுங்கள்.